யாருக்கு அந்த சீட்?

"நம்ம கம்பெனியோட அடுத்த ஹெச்.ஆர். மேனேஜர் யாரு? இதுதான்க்கா என் தலைப்பு!"

ஸ்கூட்டியின் பின்சீட்டிலிருந்து ரூக்சார் சொன்னதும், முடிச்சூர் ரோட்டுப் பள்ளத்தில் வண்டியை இறக்கி ஏற்றினாள் ஜோசலின். பள்ளம் தெரியாமல் இல்லை.

"அம்மாடி! பார்த்துக்கா!"

"ரோடு அப்படி" என்றாள் ஜோசலின்.

திருமுடிவாக்கத்தில் ஒரு தொழிற்சாலையில், ஒரே ஹெச்.ஆர். பிரிவில் வேலை பார்க்கிறவர்கள் இருவரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தாம்பரத்தில் எம்.பி.ஏ. வகுப்பு. ஜோசலின் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. ரூக்சார் போன வருஷம் வந்தவள். அவளுக்கு பி.எஃப். போடக் கற்றுக்கொடுத்ததே ஜோசலின்தான்.

ஆனால் வகுப்பில் கைதட்டல் எல்லாம் ரூக்சாருக்குத்தான். 'ஸ்ட்ராடஜிக் ஹெச்.ஆர்.எம்.' பாடம் எடுக்கும் ஜெயசீலி மேடம் கேள்வியை முடிப்பதற்குள் அவள் கை மேலே போய்விடும்.

'பெட்ரோல் என்னோடது, பேரு அவளோடது' என்று வாராவாரம் பொருமிக்கொண்டே வண்டி ஓட்டுவாள் ஜோசலின்.

இன்று அது எல்லை தாண்டிவிட்டது. "ஒரு முக்கியமான ஆள் போயிட்டா அந்த நாற்காலியில யாரை உட்கார வைப்பீங்க? உங்க கம்பெனியையே எடுத்துக்கிட்டு அடுத்த வாரம் பேசுங்க. உங்க முதலாளிங்களையும் கூப்பிடலாம்" என்று மேடம் சொன்னதுதான் தாமதம், ரூக்சார் பிடித்துக்கொண்டாள்.

மேனேஜர் ஓய்வுபெற்று அந்த சீட் காலியாகக் கிடந்தது. அடுத்தது யார் என்று முதலாளி தயாளன் வாயைத் திறக்கவில்லை. ஜோசலின் அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவாள்.

புதன்கிழமை தயாளன் அறையிலிருந்து துள்ளிக்கொண்டு வந்தாள் ரூக்சார்.

"அக்கா, சார் வர்றேன்னுட்டாரு! நான் பேசறதைக் கேக்க ஞாயித்துக்கிழமை காலேஜுக்கே வர்றாராம்!"

"நீயே போய்க் கூப்பிட்டியா?"

"ஆமாக்கா. அவர் முன்னாடி பேசினாத்தானே பிரயோஜனம்!"

அன்று ஜோசலினுக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. நேற்று வந்தவளுக்கு என்ன தைரியம்! வகுப்பு வைத்து, மேடமை வைத்து, முதலாளியையே உட்கார வைத்து அல்லவா சீட்டைக் கேட்கப் போகிறாள்!

சனிக்கிழமை சாயங்காலம் தயாளன் அறைக் கதவைத் தட்டினாள்.

"சார், சொல்லக்கூடாதுதான். மனசு கேக்கல."

"என்னம்மா?"

"ரூக்சார் நாளைக்கு காலேஜ்ல நம்ம கம்பெனி விஷயத்தை எல்லாம் போட்டுக் காட்டப் போறா. யாருக்கு என்ன சம்பளம், யார் வேலையை விட்டுப் போகப் போறாங்க... எல்லாம். நாலு கம்பெனிக்காரங்க உட்கார்ந்திருப்பாங்க சார்."

அவள் பார்த்தது தலைப்பை மட்டும்தான். மீதியெல்லாம் வயிற்றெரிச்சல் சேர்த்தது.

தயாளன் முகம் சிவந்தது. "நீங்க போங்க. நான் பார்த்துக்கறேன்."

மறுநாள் காலை ஆராதனையில் ஜோசலின் வழக்கத்தைவிடச் சத்தமாகவே பாடினாள்.

வகுப்புக்கு அன்று ரூக்சார் பஸ்ஸில் வந்திருந்தாள். தயாளன் வரவில்லை. முன்வரிசையில் அவருக்கு ஒதுக்கிய நாற்காலி காலியாகவே இருந்தது.

"தலைப்பை மாத்திட்டேன் மேடம்" என்று ஆரம்பித்தவள், கேன்டீன் நேரத்தைப் பற்றி ஏதோ நாலு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினாள்.

"உங்ககிட்ட நான் இதை எதிர்பார்க்கல ரூக்சார்" என்றார் மேடம்.

அடுத்துப் பேசிய ஜோசலினுக்கு முதல்முறையாகக் கைதட்டல் கிடைத்தது. அது காதில் தேனாகத்தான் பாய்ந்தது.

இடைவேளையில் டீக்கடைக்கு ரூக்சாரைத் தானே அழைத்துப் போனாள். ஜெயித்தவளுக்கு இரக்கம் சுலபம்.

"என்னாச்சுடி? ஏன் தலைப்பை மாத்தின?"

"நேத்து ராத்திரி சார் போன் பண்ணிக் கத்தினாருக்கா. கம்பெனி ரகசியத்தை வெளியில விக்கிறேனாம். அதைப் பத்தி இனி மூச்சு விடக்கூடாதாம். யாரோ போட்டுக் கொடுத்திருக்காங்க."

"யாரு?"

"சொல்லல. 'உள்ள இருக்கிறவங்க லட்சணம் இதுதான், நாளைக்கே வெளியாளை உறுதி பண்ணிடறேன்'னு போனை வெச்சுட்டாரு."

ஜோசலின் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "வெளியாளா?"

"ஆமாக்கா, உங்களுக்குத் தெரியாதா? சிறுசேரியிலேர்ந்து ஒருத்தரைப் பார்த்து வெச்சிருந்தாரு. கையெழுத்துதான் பாக்கி. அதை நிறுத்தத்தான் நான் இவ்ளோ அவசரப்பட்டேன்."

ஜோசலினுக்குச் சிரிப்புகூட வந்தது. இவளுக்கும் இல்லை, அந்த மட்டும் சரி.

"நிறுத்தி? உன் பேரைச் சொல்லலாம்னு இருந்தியாக்கும்?"

ரூக்சார் நிமிர்ந்து பார்த்தாள். அழுது வீங்கியிருந்த கண்ணில் நிஜமான ஆச்சரியம்.

"என் பேரா? என்னக்கா நீங்க! 'பதினோரு வருஷமா ஒவ்வொரு தொழிலாளி வீட்டு நல்லது கெட்டதும் தெரிஞ்ச ஜோசலின் அக்கா இருக்கும்போது, வெளியாள் எதுக்கு சார்?'னு எல்லார் முன்னாடியும் அவரைக் கேக்கணும்னு இருந்தேன்!"