முதல் பக்கத்து வரி

“கடைசி வரிசையில யாரு உக்காந்திருக்காருன்னு பாத்தியா? ஆர்விட் ஹேகன். உன் புத்தகமும் கையுமா வந்திருக்கார்டி,” என்றாள் இங்கா, தங்கையின் காதோரம்.

மார்னி காபியை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

மார்னி தன் நாவலிலிருந்து வாசிப்பதைக் கேட்கத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஊரே திரண்டிருந்தது. நாற்காலி போதாமல் பாதிரியார் ஓடிக்கொண்டிருந்தார். அந்த மினசோட்டா ஊரிலிருந்து நியூயார்க் போய், ஹோட்டலில் தட்டு ஏந்தி, எழுதிய இரண்டு நாவலும் விலைபோகாமல், மூன்றாவதால் நாடு முழுக்கப் பெயர் வாங்கித் திரும்பியிருந்தாள் மார்னி. இனி இங்கேயே தங்கி எழுதலாம் என்று ஏரிக்கரையில் ஒரு வீடும் பார்த்துவிட்டாள். காலையிலிருந்து சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இப்போது அவள் கண் கடைசி வரிசையை விட்டு நகரவில்லை.

“வில்லன் அவர்தான்னு படிச்ச எனக்கே தெரியுது. அடுத்தவன் களஞ்சியத்தைக் கொளுத்துறவனுக்குப் போய், அவரோட ஒத்தைப் புருவம் தூக்குற பழக்கத்தையா வைப்ப?”

“அவரோட இரும்புக்கடையில நான் வேலை பாத்தப்போ, கல்லாவுக்குப் பின்னாடி கதை படிச்சேன்னு என்னைத் துரத்திவிட்டாரே, அந்தக் கோவம். எழுதும்போது தானா வந்துடுச்சு.”

“இப்ப வாங்கிக் கட்டிக்கோ. ஒரு ஆணி வேணும்னாலும் அவர் கடைக்குத்தான் போகணும். அவர் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா ஊரே திருப்பிக்கும். அப்புறம் ஏரிக்கரை வீட்டுல நீ யாரோட பேசுவ?”

“நான் எதுக்கு ஒத்துக்கணும்? முதல் பக்கத்துலயே போட்டிருக்கே, ‘கதையில் வரும் பாத்திரங்கள் கற்பனையே, யாரையும் குறிப்பிடுவன அல்ல’ன்னு. அதைக் காட்டிடுவேன்.”

மார்னி ஒரு அத்தியாயம் வாசித்து முடித்தாள். கைதட்டல் அடங்குமுன் கையெழுத்துக்கு வரிசை நின்றுவிட்டது. யாரும் யாரையும் முந்தாத ஊர் அது. ஆர்விட் மட்டும் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்தார். முகம் சிவந்திருந்தது. புத்தகத்தை மேஜைமேல் தொப்பென்று போட்டார்.

“இந்த வில்லன் யாரு, மார்னி?”

“கற்பனைதான், மிஸ்டர் ஹேகன். சத்தியமா நீங்க இல்ல. முதல் பக்கத்துலயே...”

இங்காவுக்கு இருமல் வந்தது.

“அந்தப் பக்கத்தைப் பத்தித்தான் பேச வந்தேன்.” அவர் விரல் அந்த வரியில் குத்தி நின்றது. ஒற்றைப் புருவம் மேலே ஏறியது. “ரெண்டு மாசமா ஊர்ல என்னால தலைகாட்ட முடியல. எல்லாம் இந்த ஒரு வரியால.”

ஏரிக்கரை வீடு கையைவிட்டுப் போய்விட்டது என்றே நினைத்தாள் மார்னி. “மன்னிச்சிடுங்க,” என்றாள்.

“மன்னிப்பு யாருக்கு வேணும்? அது நான்தான்னு என் பொண்டாட்டி, பேரப்பிள்ளைங்க, கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அந்த முடிவெட்டுற லீஃப் இந்த வரியைக் காட்டி, ‘நீ கிடையாது, அது நான்’னு என் மானத்தை வாங்குறான். இதை அடிச்சுட்டு, ‘ஆர்விட் ஹேகனேதான்’னு எழுதிக் கையெழுத்துப் போடு.”

மார்னி ஒரே கோடாக அடித்து, எழுதிக் கொடுத்தாள். பொங்கிவந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அடுத்தது யாரு?” என்று நிமிர்ந்தாள்.

முடிவெட்டும் லீஃப் நின்றிருந்தார், அவருக்குப் பின்னால் பாதிரியார். இருவர் கையிலும் அதே பக்கம்தான் திறந்திருந்தது.