அடுப்படியில் செருப்பு

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொல்லிவிட்டால் என் மருமகள் நதியா மேல் உங்களுக்குக் கோபம் வந்துவிடும். எனக்கு வந்த மாதிரி.

அவள் வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடந்தாள். அடுப்படிக்குள்ளும். எங்கள் வீட்டில் சாமி படம் இருப்பதே அடுப்படியில்தான்.

அதற்கு முன் என் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தை மாதம் கம்பத்தில் புது வீட்டுக்குக் குடிவந்தோம். தரை முழுக்க டைல்ஸ். சித்திரையில் வலது குதிகாலில் வலி பிடித்தது. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் ஆணி ஏறின மாதிரி இருக்கும். பத்து அடி நடந்தால் குறையும். உட்கார்ந்து எழுந்தால் மறுபடி ஆணி. செங்கல்லைச் சுடவைத்து, எருக்கிலையைப் போட்டு மிதித்துப் பார்த்தேன். தோல்தான் கொப்பளித்தது.

நதியாதான் தேனிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினாள்.

"குதிகால்ல இருந்து விரல் வரைக்கும் ஒரு ஜவ்வு இருக்கும்மா. அது இழுபட்டு வீங்கியிருக்கு," என்றார் டாக்டர். "காலையில கட்டிலை விட்டு இறங்குறதுக்கு முன்னாடி துண்டை முன்பாதத்துல மாட்டி உங்க பக்கமா இழுங்க. ஐஸ் தண்ணி பாட்டிலைத் தரையில போட்டுக் காலால உருட்டுங்க. முக்கியமா, டைல்ஸ்ல வெறுங்காலோட நடக்கக் கூடாது. வீட்டுக்குள்ளயும் எம்.சி.ஆர்.னு சொல்ற மெத்து ரப்பர் செருப்பு போடணும். ரெண்டு மாசத்துல குறையலைன்னா குதிகால்லயே ஊசி போட்டுப் பார்க்கணும்."

குதிகாலில் ஊசி! கம்பம் வந்து சேரும்வரை பஸ்ஸில் எனக்கு அதே நினைப்புதான்.

துண்டை இழுத்தேன். பாட்டிலை உருட்டினேன். வாங்கி வந்த செருப்பை மட்டும் அட்டைப்பெட்டியோடு பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

"போடுங்கத்தை," என்றாள் நதியா.

"அடுப்படியில செருப்பா? மதினி பார்த்தாகன்னா தெருவையே கூட்டிருவாக."

மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா ஜக்கம்மா. அடுத்த தெருவில் இருக்கிறார்.

"அப்ப ஊசிக்குச் சம்மதமா?"

பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து நதியா அதே மாதிரி புதுச் செருப்போடு அடுப்படிக்குள் வந்தாள்.

"என்னத்தா இது?"

"வீட்டுக்குள்ள போட வாங்குனேன் அத்தை. வாசல் தாண்டாது."

"உனக்கும் கால் வலியா?"

"இல்லத்தை. சும்மா, மெத்துனு இருக்கு."

சும்மாவாம்! பி.காம். படித்த திமிர் என்று நினைத்தேன். விளக்கேற்றும்போது மட்டும் கழற்றிவைத்தாள். அதைப் பார்த்தும் எனக்கு மனசு ஆறவில்லை.

மூன்றாம் நாளே மதினி வந்துவிட்டார்.

"ஏத்தா, இது என்ன கூத்து? செருப்பை மாட்டிக்கிட்டுத்தான் உலை வைப்பியா? உங்க ஆத்தா வீட்டுப் பழக்கமா?"

"ஆமாம்மா. எங்க வீட்ல எல்லாரும் இப்படித்தான்," என்றாள் நதியா, தோசையைத் திருப்பிக்கொண்டே.

"அக்கம்மா, இதெல்லாம் நீ கேக்க மாட்டியா?" என்று மதினி என் பக்கம் திரும்பினார்.

"நான் என்ன மதினி சொல்ல? இந்தக் காலத்துப் பிள்ளைக..." என்று இழுத்தேன்.

மதினி அரைமணி நேரம் ஏசினார். நடுவில் நதியா வைத்த மூன்று தோசையையும் சாப்பிட்டுவிட்டு, மீதியையும் ஏசிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஏச்சு வாங்க வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள். இனி நானும் போட்டால் என்ன? பீரோவைத் திறந்தேன்.

மறுபடி மதினி வந்து என் காலைப் பார்த்தபோது, "மருமக போடச் சொல்றா மதினி, நான் என்ன செய்ய?" என்று அவள் மேலேயே பழியைப் போட்டேன். நதியா மதினிக்குக் காப்பி கலக்கப் போனாள்.

இரண்டு மாதம் ஓடியது. போன வாரம் தேனியில் டாக்டர் குதிகாலை அமுக்கிப் பார்த்தார்.

"நல்லாக் குறைஞ்சிருக்கும்மா. செருப்பை மட்டும் விட்றாதீங்க. ஊசி வேண்டாம்."

எனக்குப் போன உயிர் வந்தது.

"வந்தது வந்தோம், எங்க வீட்ல ஒரு காப்பி குடிச்சிட்டுப் போவோம் அத்தை," என்று அல்லிநகரத்துக்குக் கூட்டிப்போனாள் நதியா.

அவள் பிறந்த வீட்டு வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. தன்னுடையதையும் அந்த வரிசையில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனாள். வரவேற்க வந்த அவள் அம்மா வெறுங்கால். நாற்காலியில் இருந்து எழுந்த அப்பாவும் வெறுங்கால்.

"இங்கன வீட்டுக்குள்ள செருப்புப் போடுறதில்லையா?" என்று கேட்டேன்.

"செருப்பா? வாசப்படியைத் தாண்ட விட மாட்டேன்!" என்று சிரித்துக்கொண்டே காப்பி போடப் போனார் அவள் அம்மா.

நான் குரலைத் தாழ்த்தி, "பின்ன, அன்னைக்கு எதுக்குத்தா மதினிகிட்ட அப்படிச் சொன்ன?" என்றேன்.

நதியா தன் பையைத் திறந்தாள். கழுவித் துடைத்து எடுத்துவந்திருந்த என் வீட்டுச் செருப்பை என் காலடியில் வைத்தாள்.

"இங்கன யாருக்கும் குதிகால் வலி இல்லையே, அத்தை."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மதினிக்குப் போன் போட்டேன். "நம்ம வீட்டுக்குள்ள செருப்பு வந்தது என்னாலதான் மதினி. எனக்குத்தான் டாக்டரு போடச் சொன்னாக. இனி பிள்ளைய ஏசாதீக. ஏசுறதா இருந்தா என்னைய ஏசுங்க."

ஏசினார். செருப்பைப் போட்டுக்கொண்டு, அடுப்படியில் நின்றபடியே முழுசும் கேட்டேன்.