நேற்று வந்தவர்

காந்த ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மலக்குடல் புற்றுக்கட்டிக்குக் கதிர் கொடுக்கும் இயந்திரம் எங்களுடையது. அந்த அறைக்குள் குண்டூசிகூடப் போகக் கூடாது. நேற்று ஒரு பெரியவர் மோதிரத்தைக் கழற்றித் தட்டில் வைத்தவர், மறந்துவிட்டுப் போய்விட்டார். இன்று காலை அதை அவர் மனைவியிடம் நீட்டினேன்.

“நேத்து நாங்க வரவே இல்லையே தம்பி. இவருக்குக் காய்ச்சல். நான் பக்கத்தைவிட்டு நகரல.”

அந்த அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நானும் அவரை அப்படித்தான் பார்த்தேன். என் ஞாபகம் பிசகலாம், அவர் நேற்று வந்ததாகக் காட்டும் பதிவேடு பிசகுமா?

பெரியவர் அதற்குள் குழாயடியில் சோப்புப் போட்டு, விரலில் இறுகியிருந்த மோதிரத்தைத் திருகிக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அம்மா இரண்டையும் திருப்பிப் பார்த்தார். இரண்டின் உட்புறத்திலும் அவர்களுடைய கல்யாணத் தேதி இருந்தது.

கதிர் கொடுப்பதற்கு முன் தினமும் புதுப் படம் எடுப்போம். நேற்றைய படத்தில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. இன்றைய படத்தில் சிகிச்சை தொடங்கிய நாள் அளவிலேயே இருந்தது. டாக்டர் இயந்திரத்தைச் சோதிக்கச் சொன்னார். ஒரு பழுதும் இல்லை.

வாய் சும்மா இருக்கவில்லை. வெளியே வந்து இரண்டு படங்களையும் பற்றி அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அவர் அழவில்லை. மோதிரங்கள் கலந்துவிடாமல் கைக்கொன்றாகப் பிடித்திருந்தார். கணவர் இருந்த அறையின் மூடிய கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“நேத்து வந்தவர வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியுமா தம்பி?”