கணக்குச் சாவி

உத்திரமேரூர் வட்ட வரி ஆலோசகர் சங்கத்தின் தொடக்க விழாவில் மோகன்குமார் தோளில் மூன்றாவது சால்வையும் விழுந்தது.

"தலைவர்னா நீங்கதான் சார். வேற யாருக்கு அந்தத் தகுதி இருக்குது?" என்றாள் செயலாளர் ஆதிலட்சுமி. தொழிலுக்குப் புதிதாக வந்த பெண். சங்கமே அவள் யோசனைதான்.

மோகன்குமார் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். இனி எந்தப் புது ஆலோசகரும் அவருடைய கடைக்காரர்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். கடைக்காரர்களும் ஓட முடியாது. அத்தனை பேரின் ஜி.எஸ்.டி. பதிவிலும் தன் செல் நம்பரையே போட்டு வைத்திருந்தார். ஓ.டி.பி. அவருக்குத்தான் வரும்.

முன்வரிசையில், ஆதிலட்சுமி அழைத்திருந்த கடைக்காரர்களோடு உரக்கடை சேட்டும் உட்கார்ந்திருந்தார். நம்பரை மாற்றிக் கொடுங்கள், வேறு ஆளிடம் போகிறேன் என்று நடையாய் நடந்தவர்.

"கடைச் சாவி உங்கிட்ட கீது, கணக்குச் சாவி எங்கிட்ட கீது. போய்யா!" என்று நாலு பேர் சிரிக்க அவரை விரட்டியிருந்தார் மோகன்குமார்.

ஆதிலட்சுமி மைக்கில் உறுதிமொழியை வரிவரியாகச் சொன்னாள். மோகன்குமார் கையை நீட்டி, கணீரென்று திருப்பிச் சொன்னார்.

"கேட்கும் கடைக்காரருக்கு..."

"கேட்கும் கடைக்காரருக்கு..."

"அவர் நம்பரையே பதிவில் மாற்றித் தருவேன். இன்றே, இங்கேயே."

வந்த வேகத்தில் வாய் முந்திக்கொண்டது. "இங்கேயே" என்று முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள் கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது. கடைக்காரர்கள் போனும் கையுமாக மேடையேறினார்கள்.

"இன்னாம்மா இது?" என்று பல்லைக் கடித்தார்.

அவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. படியருகே தயங்கி நின்ற சேட்டிடம் மைக்கிலேயே சொன்னாள்:

"பயப்படாத நைனா, உம் பொண்ணு கீறேன். போயி உன் சாவிய வாங்கிக்க."