வாரன்டிக்குள் ஒரு சத்தம்

"மூணு தபா பாத்தாச்சு. இன்னிக்கும் ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா, அப்பறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்றார் டில்லிபாபு.

ஒரகடம் சர்வீஸ் சென்டரின் வரவேற்பு மேஜையில் இருந்த சசிரேகா, சிரித்த முகம் மாறாமல் அவருடைய ஜாப் கார்டை எடுத்தாள். நாளையோடு வாரன்டி முடிகிறது. இன்றைக்குக் காரில் கேட்கும் சத்தம் போகாவிட்டால் அவள் பெயரைப் போட்டே ஹெட் ஆபீசுக்குப் புகார் போகும் என்று முன்பே போனில் சொல்லிவிட்டார். அவள் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

டில்லிபாபு பிள்ளைப்பாக்கம் பக்கம் மனை வாங்கி விற்பவர். காரில் ஒரு கீறல் விழுந்தால் தன் கன்னத்தில் விழுந்ததுபோலத் துடிப்பார். அப்பேர்ப்பட்டவரின் காரில், எண்பதைத் தாண்டினால் டாஷ்போர்டுப் பக்கம் கடகடவென்று ஒரு சத்தம், ஆறு மாதமாக. சத்தம் கேட்டதும் மனசு பொறுக்காமல் வேகத்தைக் குறைத்துவிடுவார். இந்த வாரமோ அறுபதிலேயே ஆரம்பித்துவிட்டது.

"வாலாஜாபாத் ரோட்டுல தண்ணி லாரிக்காரன்லாம் என்னத் தாண்டிகினு போறான்" என்று காத்திருந்தவர்களிடம் முறையிட்டார்.

சர்வீஸுக்குக் கார் விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு வேண்டுமா? ஒருவர் தன் வண்டி ஏசி கத்திரி வெயிலில் மட்டும் வேலை செய்யாததைச் சொன்னார். இன்னொருவர் மழை பெய்தால் தானாக இறங்கும் ஜன்னலைப் பற்றிச் சொன்னார். சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்ததும் எந்த வண்டியும் சமர்த்தாகிவிடும் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. டில்லிபாபுவின் காரும் மூன்று தடவையும் இங்கே வந்து சாதுவாகத்தான் ஓடிக் காட்டியது.

அருள்பாண்டி என்ற திருநெல்வேலிக்காரருக்கு நேர்மாறான கவலை. சீட் பெல்ட் பூட்டை மாற்ற வேண்டும் என்று கம்பெனியே ரீகால் கடிதம் போட்டு அவரை வரவழைத்திருந்தது. "ஒரு கொறையும் இல்லாம ஓடிட்டுக் கெடந்துச்சு. லெட்டர் வந்ததுலேருந்து ஒரு கையால பெல்ட்டப் பிடிச்சுக்கிட்டுல்லா ஓட்டுதேன்" என்றார்.

டில்லிபாபு அவரை விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி பிரவீனாவைக் காட்டினார். அவளுக்குக் கார் தொழிற்சாலையில் கடைசிச் சோதனைப் பிரிவில் வேலை. புது வண்டியை ஓட்டிப் பார்த்து, எங்கே சத்தம் என்று காதாலேயே கண்டுபிடிக்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் காதைப் பழக்கிவிடுவதும் அவள்தான்.

"சத்தம் புடிக்கிறதுல லைன்லயே இவதான் நம்பர் ஒன். இவளுக்கே இது இன்னா சத்தம்னு புரியல, பாத்துக்கோங்க" என்றார். பிரவீனா வெட்கப்பட்டவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

இந்த முறை தானே ஓட்டிப் பார்ப்பது என்று சசிரேகா சாவியை எடுத்தாள். டில்லிபாபுவும் எழுந்தார். காலையிலிருந்து வெறும் வயிறு, போய் ஏதாவது சாப்பிடுங்கள், கூட நான் போகிறேன் என்று பிரவீனா அவரை எதிர்க்கடைக்கு அனுப்பிவைத்தாள்.

வாலாஜாபாத் ரோட்டில் ஏறி முள் அறுபதைத் தொட்டதுதான் தாமதம், கடகட என்றது. சசிரேகாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். ஓரம் கட்டினாள். கதவைத் திறந்து டாஷ்போர்டின் பக்கவாட்டு மூடியை நெம்பினாள்.

உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் கிளிப். பல் தேய்ந்து, பிடிமானம் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஸ்குரூடிரைவர் பட்ட கீறல்கள். எங்கள் ஆட்கள்தான் கண்டபடி நோண்டியிருக்கிறார்கள் போல என்று மனசுக்குள் திட்டிக்கொண்டாள்.

"இவ்ளோதாங்க்கா. புது கிளிப் போட்டா எந்த ஸ்பீடுலயும் சத்தம் வராது" என்றாள்.

பிரவீனா முகத்தில் சந்தோஷத்தையே காணோம். ரோட்டைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தாள். போன பொங்கலுக்கு மறுநாள் இதே ரோட்டில் அவர் நூற்றிருபதில் ஓட்டினாராம். குறுக்கே வந்த பைக்குக்கும் காருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான் இருந்ததாம். பின்சீட்டில் ஆறு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாளாம்.

"கெஞ்சிப் பாத்தேன், அழுதும் பாத்தேன். நான் சொன்னா ஏறல, வண்டி சொன்னாத்தான் அந்த மனுசன் கேக்கறாரு. இந்தச் சத்தம் வந்தப்பறம்தான் நான் கார்ல கண்ண மூடி உக்காருறேன்."

சசிரேகாவுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. அந்தக் குழந்தையை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக என்ன செய்வது?

"நீங்க சொல்றது புரியுதுக்கா. ஆனா சத்தத்த அப்படியே வுட்டா என் வேலை போயிடும்."

"ஐயோ, உன் வேலைக்கு நான் உலை வைப்பனா? புதுசு போட்டு நல்லா இறுக்கிக் குடும்மா, அவரும் குளிர்ந்துபோய் கையெழுத்து போட்டுடுவாரு" என்றாள் பிரவீனா. தேய்ந்த கிளிப்பை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஒவ்வொரு தபாவும் இங்க வரதுக்கு மின்னாடி இறுக்கி, வூட்டுக்குப் போய்த் தளத்தி, இது தேஞ்சேபூட்ச்சு. நாளைக்கு வாரன்டி முடியட்டும், புதுச மறுபடியும் எண்பதுக்கு நானே வெச்சுக்கறேன்."