நாலாவது பல்

“எந்தப் புண்ணியவான்மா இப்படிப் பிடுங்கி வச்சது?”

நரம்பு டாக்டரம்மாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தவளின் வாயில் அடித்த டார்ச்சை அணைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த அவள் கணவரை முறைத்தார்.

“மூணு பல்லு, மேடம். எல்லாம் ஒரே பக்கம்,” என்றார் கணவர். “நாலாவதுக்கும் நாள் குறிச்சிட்டான் அந்த முட்டாள்.”

மனைவி அவர் தொடையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள். அவளால் பேச முடியாது. வாயை அசைத்தால் இடது கன்னத்தில் கரன்ட் பாய்கிற மாதிரி வெட்டி இழுக்கும்.

“வலி எப்பல்லாம் வருது? முகம் கழுவினா? காத்து பட்டா?”

ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடித் திறந்து ஆமாம் என்றாள்.

“போனைக்கூடக் கன்னத்துல வைக்க முடியல மேடம். எது வந்தாலும் ஸ்பீக்கர்தான்.” சொல்லும்போதே கணவரின் சட்டைப்பையில் போன் அடித்தது. யாரென்றுகூடப் பார்க்காமல் அணைத்துப் போட்டார்.

“இது பல் வலியே இல்லை. முகத்துக்கு வர்ற நரம்புல கோளாறு. அதுக்குப் பல்லு என்ன பண்ணும், பாவம்? பல் டாக்டருக்குப் படிச்ச எவனும் இதைப் படிக்காம பாஸ் பண்ணியிருக்க முடியாது. எக்ஸ்ரேயாவது எடுத்தானா?”

“முதல் பல்லுக்கு எடுத்தான். பல்லு நல்லாத்தான் இருந்தது. இருந்தும் பிடுங்கினான். அடுத்த ரெண்டுக்கு அதுகூட எடுக்கல.”

“ஏனாம்?”

“இவ அழுதா. பிடுங்கித் தொலைங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டா. துரைக்குப் பார்க்கப் பொறுக்கலையாம்!”

“அழுதா கண்ணைத் துடைச்சு விடணும். பல்லையா பிடுங்கறது?” டாக்டரம்மா மேஜையில் தட்டினார். பிறகு அவள் பக்கம் திரும்பிக் குரலைக் கொஞ்சம் இறக்கினார். “சாதா வலி மாத்திரை இதுகிட்ட எடுபடாதும்மா. வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரை ஒண்ணு இருக்கு, அதுதான் நரம்பை அடக்கும். கொஞ்சமா ஆரம்பிச்சு ஏத்துவோம். தலை சுத்தும், தூக்கம் வரும். பயந்துக்கிட்டு நீயா நிறுத்திடாத. நடுவுல ரத்தமும் டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம்.”

“ரத்தக்குழாய் நரம்பை அழுத்துதான்னு ஸ்கேன்ல பார்த்துடலாமா மேடம்? மாத்திரை கேட்கலைன்னா ஆபரேஷன்ல அதை விலக்கி விடலாமில்ல?”

“நெட்ல படிச்சிட்டே வந்துடுங்க எல்லாரும்!” சிடுசிடுத்தார் டாக்டரம்மா. “பண்ணலாம். ஊசி வழியா அந்த நரம்பை மரக்க வைக்கவும் வழி இருக்கு. உங்க சம்சாரத்தை நான் பார்த்துக்கறேன். அந்த ஆள் பேரைச் சொல்லுங்க. டென்டல் கவுன்சில்ல இருந்து அமைச்சர் வரைக்கும் எழுதறேன். இன்னொருத்தர் வாய்க்குள்ள அவன் குறடு போகக் கூடாது.”

“எழுதுங்க. நல்லா உறைக்கிற மாதிரி எழுதுங்க!” கணவர் கத்தியே விட்டார்.

மனைவி எட்டி, டாக்டரம்மாவின் பேனா பிடித்த கையைப் பற்றினாள். வருவது வரட்டும் என்று வாயைத் திறந்தாள்.

“வேணாம்… நல்லவர்…”

அவ்வளவுதான். கன்னத்தைப் பொத்திக்கொண்டு துடித்துப் போனாள்.

“இந்த நிலைமையிலயும் அவனுக்குப் பரிஞ்சு பேசறியா? உன்னை மாதிரி ஆளுங்களாலதாம்மா இவனுங்களுக்குக் குளிர் விட்டுப் போச்சு!” என்று சீறினார் டாக்டரம்மா.

அப்போது அவளுடைய கைப்பையில் போன் அடித்தது. கண்ணீரோடு எடுத்தவள், பழக்கத்தில் ஸ்பீக்கரை அழுத்தினாள்.

“அம்மா, கிளினிக்ல இருந்து நர்ஸ் பேசறேன். டாக்டர் சார் போன் ஆஃப்ல இருக்கு. பல்லு பிடுங்க வந்த ஒருத்தர் வலியில கத்திக்கிட்டிருக்கார். சார் பக்கத்துல இருந்தா கேட்டுச் சொல்லுங்கம்மா, மரக்கிற ஊசியை எடுத்து வைக்கட்டுமா?”

டாக்டரம்மாவின் பேனா அந்தரத்தில் நின்றது.

“ஊசியைத் தொடாதே. முதல்ல எக்ஸ்ரே எடு,” என்று போனில் சொன்ன கணவர், டாக்டரம்மாவிடம் திரும்பினார். “பேர் சொல்றேன், எழுதிக்குங்க மேடம்.”