நத்தார் முட்டைப்பாண்

ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில், நத்தார் எனும் கிறிஸ்மஸுக்கு முதல் நாள் மாலை. ஜெறோம் பேக்கிங் தட்டில் பாண் துண்டுகளை அடுக்குவதைக் கதிரையில் சாய்ந்திருந்து பார்த்தாள் றெஜினா. உதவி செய்யும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை.

“என்ன, வீடு கட்டுறீங்களோ? ஒவ்வொரு துண்டா அளந்து வைக்கிறீங்கள்!”

“ரீவியில இப்பிடித்தான் காட்டினவங்கள். முட்டையும் பாலும் ஊத்தி இப்பவே பிரிஜ்ஜுக்குள்ள வைச்சால், காலமை பூசை முடிஞ்சு வந்து ஓவனுக்குள்ள தள்ளினால் சரி.”

“தேத்தண்ணிக்குச் சீனி எங்க இருக்கெண்டு இத்தனை வருசமா என்னைக் கேட்ட மனிசன், இப்ப ஓவன் பற்றிக் கதைக்கிறார்.”

ஜெறோம் முட்டையை உடைத்தான். பாதிக் கோது உள்ளே விழுந்தது.

“அது கிடக்கட்டும். பிள்ளையளுக்குக் கல்சியம் நல்லது,” என்றாள் றெஜினா.

அவன் கோதைப் பொறுக்கியெடுத்து, கலவையை ஊற்றி, சீஸைத் தூவித் தட்டை மூடினான். மூடியின் நான்கு மூலையையும் அவன் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்ப்பதைக் கண்டதும், சிரிக்க வாயெடுத்தவள் சிரிக்கவில்லை. எழுந்து கோட்டை மாட்டினாள்.

“சரி, நான் என்ர வீட்டுக்குப் போறன். பூசை முடியப் பிள்ளையளைக் கொண்டு வந்து விடுறன்.”

விவாகரத்துக்குப் பிறகு பிள்ளைகள் அப்பாவோடு கழிக்கப்போகும் முதல் நத்தார் அது.

“அவையின்ர உடுப்பைக் கொண்டு வந்து தந்ததுக்கு நன்றி,” என்றான் ஜெறோம்.

கதவடியில் அவள் திரும்பினாள். “நாளைக்கு நானும் உள்ள வந்து ஒரு துண்டு சாப்பிடுவன். ஆசையில இல்லை. பிள்ளையளுக்குக் குடுக்க முதல் ஆராவது சாப்பிட்டுப் பாக்க வேணுமெல்லோ?”